எந்த இடம் வலிக்குதோ அந்தக் கட்டடம்

இப்படி வந்து உக்காரு தாயி. அந்த ஓரம் வேணாம், அங்க பெஞ்சுக் கால் ஆடும். ஒரு தடவ ஒரு பெரியவரு குப்புற விழுந்தாரு. கையைக் காட்ட வந்த மனுஷன் மூக்கையும் சேத்துக் காட்டிட்டுப் போனாரு. இங்கிட்டு வா. என் இடது கையை மட்டும் இடிச்சிராத. தோள்ல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் யாரோ உள்ள இருந்து முறுக்குற மாதிரி இருக்கு. நேத்து இருந்தே இதே பாடு. அதுக்குத்தான் எலும்புக் கட்டடத்துக்கு வந்தேன்.

உள்ள யாரு, அப்பாவா? மாவுக்கட்டுப் பிரிக்கிறாகளா? அப்ப நேரமாகும். கட்டைப் பிரிக்கணும், படம் எடுக்கணும், பெரிய டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு உதட்டைப் பிதுக்கணும். பிதுக்குனா பயந்துராத. எலும்பு நல்லாக் கூடியிருந்தாலும் அவரு பிதுக்குவாரு. அது அவரு பழக்கம்.

நீ புதுசு. முகத்தைப் பாத்தாலே தெரியுது. கேட்டுல இருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள எத்தனை பேரைக் கேட்ட? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் கண்ணைக் கட்டி உள்ள விட்டாலும் வாடையை வச்சே சொல்லிருவேன், இது தோலு, இது கண்ணு, இது பிரசவம்னு. பீத்திக்கிறேன்னு நெனைக்காத. எங்க ஊரு இங்க இருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரம். அங்க யாருக்காவது உடம்புக்கு முடியலேன்னா டாக்டரைத் தேட மாட்டாக, என்னையத்தான் தேடுவாக. “மங்கையக்காவைக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க, பெரியாஸ்பத்திரியில ஒரு கஷ்டமும் இருக்காது”ம்பாக. மங்கையர்க்கரசி எம் பேரு. மங்கையக்கான்னாத்தான் தெரியும்.

எங்க வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயி இங்கதான் கெடந்தாரு. அவருக்குப் பால் வாங்க ஒரு பக்கம், ரத்தம் கொடுக்க ஒரு பக்கம், படம் எடுக்க ஒரு பக்கம்னு அலைஞ்சு அலைஞ்சு எனக்கு இந்த இடம் வீடு மாதிரி ஆயிப்போச்சு. அவரு போயிட்டாரு. வழி மட்டும் என் காலோட தங்கிருச்சு. சரி, படிச்சது வீணாப் போக வேணாமேன்னு ஊர்ல இருக்கிறவுகளைக் கூட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சேன்.

இந்த ஆஸ்பத்திரி எப்ப வந்துச்சு தெரியுமா? வெள்ளக்காரன் காலத்துல. காலரா வந்து சனம் கொத்துக் கொத்தாச் செத்துச்சாம். அப்பக் கட்டுனதுதான் முன்னாடி இருக்கிற சிவப்புக் கட்டடம். ரெண்டே கூடம். ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு. பொம்பளைக் கூடம் ரொம்ப வருஷம் காலியாவே கெடந்துச்சாம். ஆம்பள டாக்டர்கிட்ட எவ வருவா? தப்பித் தவறி வந்தவளும் திரைக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு கையை மட்டும் நீட்டுவாளாம், நாடி பாக்க. அவளுக்கு என்ன செய்யுதுன்னு கூட வந்த புருஷனோ அண்ணனோதான் டாக்டர்கிட்டச் சொல்லணும். வயித்து வலிக்காரிக்குத் தலைவலி மருந்து வாங்கிட்டுப் போனவனெல்லாம் உண்டாம். அப்புறம் ஒரு வெள்ளக்கார டாக்டரம்மா வந்து அந்தத் திரையைக் கழட்டி வெளிய எறிஞ்சாகளாம். “வலிக்கிறவ வாயைத் திறந்து சொல்லட்டும்”னாகளாம். எனக்குச் சிரிப்பு வந்துரும் அதைக் கேட்டா. என்ன மாதிரி முட்டாள் சனமா இருந்திருக்கு பாரு அந்தக் காலத்துல.

அப்புறம் படிப்பு வந்துச்சு, காலேசு வந்துச்சு, பல்கலைக்கழகம்னு பேரு வச்சாக. குதிரை வண்டி கட்டுற லாயம் தோல் பிரிவாச்சு. கண்ணுக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணு, நரம்புக்கு ஒண்ணு. பல்லுக்கு மஞ்சள் சுண்ணாம்பு அடிச்ச கட்டடம், வேப்பமரத்துக்கு அடியில. கடைசியா வந்தது அந்தா தெரியுதுல்ல, கண்ணாடி வச்ச கட்டடம், அதான் இருதயம். வெளிநாட்டுக்காரனெல்லாம் வந்து பாத்துட்டுப் போறானாம். பக்கத்துலயே அவசர சிகிச்சை. அங்கிட்டுப் பாக்காத தாயி, ஆம்புலன்ஸு வந்து நின்னா நான் முகத்தைத் திருப்பிக்குவேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்க மாட்டியா? சிவப்புக் கட்டடத்து வராண்டாவுல வரிசையா போட்டோ மாட்டி, கீழ எழுதி வச்சிருக்காக. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிரும். என் தம்பிதான் எனக்கு வாசிச்சுக் காட்டுனான். சௌந்தரபாண்டி. பஸ் கண்டக்டரு. ஸ்டாப்பு பேரைக் கத்திக் கத்தி அவனுக்கு வாய் பழகிப்போச்சு. அந்தக் குரல்லயே போட்டோவையும் வாசிப்பான். வராண்டாவுல போறவுக நின்னு சிரிப்பாக. “மெதுவாடா”ம்பேன். “டிக்கெட் வாங்கிட்டியா அக்கா? வாங்கலேன்னா அடுத்த போட்டோவுல எறங்கிரு”ம்பான்.

ஷ்ஷ்... ஒண்ணுமில்ல. ஒரு தெறிப்பு. வந்துட்டுப் போயிரும். இந்த இடத்துல காத்தே வர மாட்டேங்குது, உனக்கு வேர்க்கல? எனக்கு மட்டும் பாரு, ரவிக்கையெல்லாம் ஒட்டுது. காலையில பஸ்ஸுல இருந்து எறங்குறப்பயே ஒரு மாதிரி வந்து, ஓரமா வாந்தி எடுத்துட்டேன். பித்தம். வெறும் வயித்துல வந்தா அப்படித்தான். அதைச் சீட்டு போடுற இடத்துல நான் சொல்லலையே. சொல்லிருவேனா?

இதுதான் தாயி சூட்சுமம், கேட்டுக்கோ, நாளைக்கு உனக்கும் உதவும். ஓ.பி. சீட்டு போடுறவரு “என்ன செய்யுது”ன்னு கேப்பாரு. நம்ம சனம் என்ன பண்ணும்? தலையில ஆரம்பிச்சுக் கால் வரைக்கும் ஒப்பிக்கும். கிறுகிறுன்னு வருது, பசிக்கல, தூக்கமில்ல, முழங்கால் பிடிக்குதுன்னு. அவரு என்ன செய்வாரு பாவம், பொது மருத்துவம்னு எழுதிருவாரு. அங்க போனா திருவிழாக் கூட்டம். டாக்டருக்குப் படிக்கிற சின்னச் சின்னப் புள்ளைகளா நின்னு, பொறந்ததுல இருந்து கதை கேக்கும். அதனால நான் கூட்டிக்கிட்டு வர்றவுககிட்ட பஸ்ஸுலயே சொல்லிருவேன். ஒரே ஒரு இடத்தைச் சொல்லு. எந்த இடம் வலிக்குதோ அந்தக் கட்டடம். மத்த வலியெல்லாம் வீட்டுல வச்சுட்டு வா. பெரிய டாக்டர் தொட்டுப் பாத்தா ஒரே பார்வையில போயிரும்.

பலிக்கலேன்னு சொல்லு பாப்போம். எங்க தெருப் புள்ளைக்கு மாறுகண்ணு, நேராக் கண்ணுக்குக் கூட்டிட்டு வந்தேன், இன்னைக்கு அவ வாத்தியாரம்மா. கழுத்துல கழலையோட இருந்தவளுக்குக் கழுத்து. காது கேக்காதவருக்குக் காது. எத்தனை பேரு என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிருக்காக தெரியுமா? அதையெல்லாம் ஒருத்தரும் பேச மாட்டாக. ஒண்ணே ஒண்ணைத்தான் பேசுவாக.

எனக்குப் புள்ள குட்டி கிடையாது தாயி. ஆத்தா போறப்ப என் தம்பி சௌந்தரம் கைப்புள்ள. என் இடுப்புலதான் வளந்தான். எனக்குக் கல்யாணம் ஆனப்ப சீர்வரிசையோட அவனும் வந்தான்னு ஊரே கேலி பண்ணும். அவனுக்குப் பொண்ணு பாத்தது நான். இந்திராணி. நல்ல பொண்ணுதான், வாய் பேசாத பொண்ணு, அதுக்காகவே கட்டி வச்சேன்.

ஒரு நாளு காலையில இந்திராணி வந்து நிக்கிறா. “மதினி, ராத்திரியெல்லாம் தூங்கலை. தாடை வலிக்குதுங்குறாரு, நெஞ்சு கனமா இருக்குங்குறாரு”ன்னா. போய்ப் பாத்தா, தாடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். கீழ்த் தாடை, இடது பக்கம். வெத்தலை போடுற வாய், பொகையில வேற. எனக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு, பல்லு. கடைவாய்ப் பல்லு சொத்தையாகி உள்ள சீழ் கோத்திருக்கும். பல்லு சீழ் கோத்தா உடம்பெல்லாம் கனக்கத்தானே செய்யும்? கிளம்புடான்னேன்.

பஸ்ஸுல அவன் சொன்னான். “அக்கா, நெஞ்சை அழுத்துதுக்கா”ன்னான். “சீட்டு போடுற இடத்துல அதைச் சொல்லிக்கிட்டு நிக்காத”ன்னேன். “முதல்ல பல்லை முடிச்சுக்குவோம். அடுத்த வாரம் நெஞ்சுக் கட்டடத்துக்குத் தனியாக் கூட்டிட்டு வாரேன், புதுசா கண்ணாடியெல்லாம் வச்சுக் கட்டியிருக்கான், சும்மா பாக்கவாவது போலாம்”னேன். சிரிச்சான். நான் சொன்ன பேச்சைத் தட்ட மாட்டான். சின்னதுல இருந்தே அப்படித்தான். நான் வாயைத் தெறன்னா தெறப்பான், மூடுன்னா மூடுவான்.

அந்தா பாரு, டாக்டர் பொண்ணு வருது. சின்னப் பொண்ணு, இப்பத்தான் படிச்சு முடிச்சிருக்கும். வரிசையில இருக்கிறவுகளை ஒவ்வொருத்தராக் கேட்டுக்கிட்டே வரும். சும்மா இரு, நான் பேசிக்கிறேன்.

என்னங்கம்மா... தோளுதாம்மா. இடது தோளு. ...இல்லம்மா, கீழயெல்லாம் விழுகல. ...மூச்சா? அது நடந்து வந்ததும்மா, கேட்டுல இருந்து எம்புட்டு தூரம்! ...வேற ஒண்ணுமில்ல. ...இல்லம்மா, நெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. தோளு மட்டுந்தான்.

போயிருச்சு. நல்ல பொண்ணு, முகத்துல ஒரு களை. என்ன தாயி அப்படிப் பாக்குற? வாந்தி எடுத்ததைச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? சீட்டை மாத்தி எழுதிரும். மறுபடி முதல்ல இருந்து வரிசை. இன்னும் நாலு பேரு போனா என் முறை, இப்பப் போயி கெடுத்துக்குவாங்களா? நீ ஏதோ சொல்ல வாயெடுத்த, நல்ல வேளை, நான் பாத்தேன். புரிஞ்சுக்கிட்டு அடங்கிட்ட. புத்திசாலிப் புள்ள.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங். பல்லுக் கட்டடம்.

நான் போனா எதுவும் நிக்காது. சீட்டு போட்டு, உள்ள உக்கார வச்சாச்சு. அங்கயும் இதே மாதிரி ஒரு பையன், பல்லு டாக்டருக்குப் படிக்கிறவன், வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தான். கண்ணாடி விட்டுப் பாத்தான், குச்சியால தட்டிப் பாத்தான். “பல்லு நல்லாத்தான இருக்கு”ன்னான். படிக்கிற பையன், அவனுக்கு என்ன தெரியும்? “பெரியவரு வந்து பாக்கட்டும் தம்பி”ன்னேன். அவன் போகல. என் தம்பியையே பாத்துக்கிட்டு நின்னான். “என்ன சார் இப்படி வேர்க்குது உங்களுக்கு? நெஞ்சு ஏதும் வலிக்குதா?”ன்னு கேட்டான்.

சௌந்தரம் என் முகத்தைப் பாத்தான்.

அவ்வளவுதான். பாத்துட்டு, “இல்லங்க தம்பி, பல்லு மட்டுந்தான்”னான். இந்திராணி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நின்னா. அவளாவது சொல்லியிருக்கலாம்ல? சொல்லலையே. அவ ஏதோ பேச வந்தா, நான் கண்ணைக் காட்டுனேன்தான், இல்லேங்கல. ஒரு அதட்டல்ல அடங்கிப்போறவ அப்புறம் எதுக்கு என்னையச் சொல்லணும்?

எதுத்த சுவத்துல ஒரு போட்டோ. முத முதல்ல இங்க பல் வைத்தியம் படிச்ச பசங்க. எல்லாம் கோட்டு போட்டுக்கிட்டு விறைப்பா நிக்கிறானுக, நடுவுல ஒரே ஒரு பொண்ணு, ரெட்டைச் சடை. சௌந்தரம் என் பக்கத்துல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தான். நான்தான், “வாசிடா, பொழுது போகட்டும்”னேன். வாசிச்சான். அன்னைக்குக் கண்டக்டரு குரல் இல்ல, காத்து மாதிரி வந்துச்சு. ஒவ்வொருத்தன் பேரா வாசிச்சுக்கிட்டே வந்தான். “அக்கா, அந்தப் பொண்ணு பேரு...”ன்னான்.

நிறுத்திட்டான். நான் என்னமோ எழுத்து மங்கியிருக்குன்னு நெனைச்சேன். இந்தத் தோள்ல சாஞ்சான் தாயி. இதே தோளுதான். தூங்குறான்னு நெனைச்சு நான் அசையாம உக்காந்திருந்தேன். ராத்திரியெல்லாம் தூங்கலையே, தூங்கட்டும்னு. இந்திராணிதான் கத்துனா. ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசாதவ, கட்டடமே திரும்புற மாதிரி கத்துனா.

அந்தப் பையன்தான் ஓடுனான். ரெண்டு மூணு பேரு தூக்கிக்கிட்டு ஓடுனாக. மஞ்சக் கட்டடத்துக்கும் கண்ணாடிக் கட்டடத்துக்கும் நடுவுல எம்புட்டு இருக்கும்ங்குற? ஒரு சத்தம் போட்டாக் கேக்கும். அந்த ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுன்னுட்டாக.

அந்தப் பொண்ணு பேரு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உள்ள போயி எழுத்துக் கூட்டியாவது பாத்துரலாம்னு வேப்பமரம் வரைக்கும் வருவேன். கால் அதுக்கு மேல வராது. என் புள்ளையைக் கொடுத்த இடம்ல.

இரு, தண்ணி பாட்டிலை எடு. மூடியைத் திருகித் தா, இந்தக் கையில பிடி நிக்க மாட்டேங்குது. ...போதும். ஏன் இப்படிக் குளுருது? உனக்குக் குளுரல? இப்பத்தான் வேர்க்குதுன்னேன். எலும்புக்குள்ள காத்து புகுந்துருச்சுன்னா இப்படித்தான் மாத்தி மாத்தி வரும்.

அன்னைக்குச் சௌந்தரத்தைப் பாத்த இருதய டாக்டர் வெளிய வந்து என்ன சொன்னாரு தெரியுமா? அது பல்லு வலியே இல்லையாம். “நெஞ்சோட வலி சில பேருக்கு நெஞ்சுல தெரியாதும்மா. தாடைக்கு வரும், தோளுக்கு வரும், கைக்கு இறங்கும், முதுகுக்கு வரும், வாந்தி வரும், வேர்த்துக் கொட்டும்”னு அடுக்குனாரு. நல்லா இருக்கே கதை! நெஞ்சு வலி நெஞ்சுல வராம தோளுக்கும் கைக்கும் எதுக்கு வருது, விருந்தாடியா வருது? அவுகளால காப்பாத்த முடியல, அதுக்கு ஒரு பேச்சு. அப்படிப் பாத்தா இத்தனை கட்டடம் எதுக்கு? எல்லாத்துக்கும் ஒரே கட்டடமாக் கட்டிட்டுப் போக வேண்டியதுதானே?

டாக்டர் சொன்னதைக் கேட்டு இந்திராணி குத்தத்தை என் மேல வச்சுட்டா. அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சு, பந்தியில சனம் உக்காந்திருக்கு. எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னா. “மதினி, அந்தப் பையன் கேட்டப்ப அவரு உங்க முகத்தைப் பாத்தாரு”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. போயி கதவைச் சாத்திக்கிட்டா. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. நீ சொல்லு தாயி, அக்கா முகத்தைத் தம்பி பாக்கக் கூடாதா? அது ஒரு குத்தமா?

சுபாஷிணி, அவன் மக, அவளுக்குக் கல்யாணம் நடந்துச்சு. அத்தை நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்குப் பத்திரிக்கை இல்ல. மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் ஜூஸ் கடையில நின்னுக்கிட்டு, பொண்ணு கார்ல ஏறுறதைப் பாத்தேன். அப்பன் மூக்கு அப்படியே இருக்கு அவளுக்கு. அழுகை வந்துருச்சு. ஊர்லயும் இப்ப யாரும் என்னையக் கூப்பிடுறதில்ல. எல்லாரும் போன்லயே பாத்துக்கிறாகளாம். சீட்டு போடுறவரு, “கூட யாரும்மா வந்திருக்கா”ன்னு கேட்டாரு. இத்தனை வருஷமா எல்லாருக்கும் கூட வந்தவளே நான்தான்யான்னு சொன்னேன். அவருக்குப் புரியல.

என்ன, ஏன் எந்திரிக்கிற? அப்பாவைக் கூப்பிட்டாகளா? இல்லையே. உக்காரு. ...என்னது? எனக்கா? அவசர சிகிச்சைக்கா? போ தாயி, கேலி பண்ணிக்கிட்டு! தோள் வலிக்காரியை அங்க கூட்டிட்டுப் போனா சிரிப்பாக. ...வாந்தி பித்தத்துல. ...வேர்வை காத்து இல்லாததுனால. ...நான் என்ன சொன்னேன், அந்த டாக்டர் சொன்னதையா? அது அவனுக்குச் சொன்னதும்மா. எனக்கு எதுக்கு அது?

கையை விடு. நான் வரல. இன்னும் ரெண்டே பேரு, அப்புறம் என் பேரைக் கூப்பிட்டுருவாக. நான் எந்திரிச்சா இந்த இடம் போயிரும். அங்கயெல்லாம் கூட ஆள் இல்லாமப் போனா என்னையச் சேக்கவே மாட்டாக, எனக்குத் தெரியாதா? ...ஆளைக் கூப்பிடவா? யாரைக் கூப்பிடுவ? ...சரி, இந்தா போன். யாரு இருக்கான்னு நீயே பாரு. எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரியுது.

எதை அமுக்குன? ஒண்ணையா? ஐயோ, ஒண்ணை அமுக்காத! அது சௌந்தரம் நம்பரு. அவன்தான் வச்சுக் கொடுத்தான், “ஒண்ணை அழுத்துனா நான் வருவேன்க்கா, எழுத்துக் கூட்ட வேணாம்”னு. அந்த நம்பரை அழிக்கல நான், அழிக்க மனசு வரல. அவன் போன் இப்ப இந்திராணிகிட்டல்ல இருக்கு. வை, வச்சுரு. அவ எடுக்க மாட்டா. எத்தனை வருஷமா... 

எடுத்துட்டாளா?

பேசாத, நான்னு சொல்லாத. ...சொல்லிட்டியா? என்ன சொல்றா? ...எங்க வலிக்குதுன்னா கேக்குறா? அதையா முதல்ல கேட்டா? தோளுன்னு சொல்லு. தோளு மட்டும்னு சொல்லு தாயி. வேர்வையை எதுக்குச் சொல்ற? வாந்தியைச் சொல்லாதன்னேன்ல! இங்க வரைக்கும் கேக்குது அவ கத்துறது. அன்னைக்குக் கத்துன மாதிரியே கத்துறா. அழுகுறாளா என்ன? அவ எதுக்கு அழுகணும் எனக்கு?

யாரைக் கை காட்டிக் கூப்பிடுற, வார்டு பையனையா? தள்ளுவண்டி எதுக்குடா தம்பி, எனக்கு நடக்க முடியும். முடியும்னா... இரு, ஒரு நிமிஷம். மூச்சு வாங்கிக்கிறேன்.

என்கிட்டயா? என்கிட்ட அவ பேசணும்ங்குறாளா? கொடு. காதுல வை, இந்தக் கை தூக்க வரல. ...ம். ...நான்தான் இந்திராணி. ...ம். ...சாப்பிட்டியாம்மா?

தாயி... நெஞ்சு வலிக்குதான்னு கேக்குறா. உண்மையைச் சொல்லுங்க மதினின்னு கேக்குறா.

நீ ஏன் அப்படி என் முகத்தைப் பாக்குற? நான்ல உன் முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். கேக்குறா தாயி, திரும்பத் திரும்பக் கேக்குறா.

நான் என்னன்னு சொல்லட்டும்?